கணக்கு இடிக்கிறதே!

இடது கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து லேசாக அழுத்துங்கள். 'டுக்... டுக்...' தெரிகிறதா? சந்தோஷம். நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு தமனி. ஆங்கிலத்தில் ஆர்ட்டரி.

அந்தப் பெயருக்குள் ஒரு பழைய தப்பு ஒளிந்திருக்கிறது. கிரேக்கர்கள் மூச்சுக்குழாய்க்கும் இதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். காரணம், பிணத்தை அறுத்துப் பார்த்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். 'ஓகோ, இதில் ஓடுவது காற்றுதான்' என்று முடிவு கட்டிவிட்டார்கள்!

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வந்தார் காலென். கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், பிறகு ரோமாபுரி மன்னர்களுக்கே டாக்டர். தமனியில் ஓடுவது காற்றல்ல, ரத்தம்தான் என்று செய்தே காட்டினார். அதுவரைக்கும் பேஷ்! ஆனால், மனித உடலை அறுத்துப் பார்க்க அன்று வழியில்லை. குரங்கையும் பன்றியையும் அறுத்தவர், மிச்சத்தை ஊகத்தில் நிரப்பிவிட்டார்.

அவர் சொன்னது இதுதான்: சாப்பாடு கல்லீரலுக்குப் போய் ரத்தமாகிறது. ரத்தம் சிரைகள் வழியே உடம்பெங்கும் பாய்ந்து, அங்கேயே செலவாகிவிடுகிறது. வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் போனால் திரும்பியா வரும்? அந்த மாதிரி. அதில் கொஞ்சம் மட்டும் இதயத்தின் நடுச்சுவரில் இருக்கும் துளைகள் வழியே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கசிகிறது. 'துளையே தெரியலையே சாமி' என்றால், அவை கண்ணுக்குத் தெரியாத துளைகள்!

இதை உலகம் எத்தனை வருஷம் நம்பியது தெரியுமா? சுமார் 1,400 வருஷம்.

நடுவில் முணுமுணுத்தவர்கள் உண்டு. 1242-ல் கெய்ரோவில் இப்னு அல்-நஃபீஸ் என்ற மருத்துவர், 'நடுச்சுவரில் துளையே கிடையாது. ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் அந்தப் பக்கம் போகிறது' என்று எழுதிவைத்தார். எழுதியது அப்படியே தூங்கியது. 1924-ல்தான் பெர்லின் நூலகம் ஒன்றில் அந்தக் கையெழுத்துப் பிரதி கண்ணில் பட்டது.

ஸ்பெயின்காரரான மிகேல் செர்வெட்டஸின் கதை இன்னும் பாவம். 1553-ல் அவர் எழுதிய ஒரு மதப் புத்தகத்தில், போகிற போக்கில் இதே உண்மையைச் சொல்லியிருந்தார். ரத்தத்தைப் பற்றி எழுதியதற்காக யாரும் அவர்மேல் பாயவில்லை. கடவுளைப் பற்றி எழுதியதற்காகப் பாய்ந்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 27-ம் தேதி, ஜெனீவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். புத்தகத்தையும் விடவில்லை. தப்பியவை மூன்றே பிரதிகள்.

இனி நம் கதாநாயகன். வில்லியம் ஹார்வி, இங்கிலாந்துக்காரர். இத்தாலியின் பதுவா நகரில் மருத்துவம் படித்து, 1602-ல் பட்டம் வாங்கியவர். அங்கே அவருடைய ஆசிரியர் ஃபப்ரீசியஸ், சிரைகளுக்குள் குட்டிக் குட்டிக் கதவுகள் இருப்பதைக் காட்டினார். ரத்தம் மொத்தமாகக் காலில் போய்த் தேங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது ஆசிரியரின் எண்ணம். சிஷ்யருக்கோ வேறு சந்தேகம். இந்தக் கதவுகள் எல்லாம் இதயத்தைப் பார்த்து மட்டுமே திறக்கின்றனவே... அப்படியானால் சிரையில் ரத்தம் போவது ஒரே திசையிலா?

சந்தேகத்தைத் தீர்க்க ஹார்வி கையில் எடுத்தது கத்தியை மட்டுமல்ல, கணக்கையும்தான். நான் படித்தது பி.காம். அதனாலோ என்னவோ, இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தம் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு. ஆக, 500 அவுன்ஸ். நம் கணக்கில் 14 கிலோவுக்கு மேல். ஒரு நாளைக்கு? 650 கிலோவைத் தாண்டிவிடும்! கல்லீரல் இவ்வளவு ரத்தத்தையும் புதிதாகத் தயாரிக்க வேண்டுமென்றால், மனிதன் எத்தனை மூட்டை சாப்பிட வேண்டும்? வரவு இரண்டு மூன்று கிலோ, செலவு 650 கிலோ. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

ஒரே ஒரு வழியில்தான் கணக்கு நேராகும். போன ரத்தமே திரும்பி வருகிறது! 1628-ல், 72 பக்கமே உள்ள ஒரு லத்தீன் புத்தகத்தில் ஹார்வி இதைச் சொன்னார். அவர் போட்டது ரொம்பக் குறைந்த மதிப்பு. இன்றைய கணக்குப்படி, ஐந்து லிட்டர் ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, இதயம் ஒரு நாளில் தள்ளுவது சுமார் 7,000 லிட்டர்!

கைதட்டினார்களா? ராஜாவுக்கே வைத்தியம் பார்த்தவரை 'மூளை பிசகிவிட்டது' என்றார்கள். வைத்தியத் தொழில் படுத்துவிட்டதாக அவரே பின்னாளில் ஒரு நண்பரிடம் சொல்லியிருக்கிறார். எதிராளிகள் கேட்டதில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாவுகிறது? ஹார்வியிடம் பதில் இல்லை. 1657-ல் இறந்துபோனார். நாலே வருஷத்தில், 1661-ல், இத்தாலியின் மால்பீகி தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முடியைவிட மெல்லிய குழாய்கள்! அவைதான் தந்துகிகள்.

இதற்கிடையே இன்னொரு குழாய்க் கூட்டமும் வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1622-ல் அசெல்லி, நன்றாகச் சாப்பிட்டிருந்த ஒரு நாயை அறுத்தபோது, குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல்கள். வெட்டினால் பால் மாதிரி வழிந்தது. 1651-ல் பிரான்ஸின் பெக்கே, அந்தப் பால் கல்லீரலுக்குப் போகவில்லை, மார்புக்குள் ஏறி நேராக ரத்தத்தில் கலக்கிறது என்று கண்டுபிடித்தார். அடுத்து ஸ்வீடனின் ரூட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் உடம்பெங்கும் தெளிந்த நீர் ஓடும் குழாய்களைக் கண்டு, 'யார் முதலில்?' என்று மல்லுக்கு நின்றார்கள். அந்த நீர்தான் நிணநீர். அதன் பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு யானைக்கால் நோயே சாட்சி.

ரத்தம் தயாரிக்கும் வேலை கல்லீரலுக்குப் போயே போய்விட்டது. பார்த்தோலின் குறும்புக்காரர். 1653-ல் போட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே கல்லீரலுக்கு ஈமச்சடங்கு நடத்திவிட்டார்!

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? ஒரு கிழவர் மட்டும் கடைசி வரை ஏற்கவில்லை. அசெல்லியின் பால் குழாய்களையும் நம்பவில்லை, பெக்கே சொன்னதையும் நம்பவில்லை. யார் அவர் என்கிறீர்கள்?

வில்லியம் ஹார்வி!

1,400 வருஷ நம்பிக்கையைத் தூக்கிப்போட்ட மனிதருக்கே, அடுத்தவன் கொண்டுவந்த புதுசு கசந்திருக்கிறது. நீங்களும் நானும் எம்மாத்திரம்? 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று தோன்றும்போதெல்லாம், ஒரு தடவை மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.