அரவணைக்கும் தலைமை: பெரம்பூர் ஆலைகள் தரும் சான்று

தொழிலகங்களில் தலைமை வகிப்போர் பலதரப்பட்ட மக்களையும் அரவணைத்துச் செல்ல வேண்டும் என்பது இன்று எங்கும் கேட்கப்படும் அறிவுரையாகும். ஆயின், அரவணைத்தல் என்பது யாது? அனைவரையும் ஒரே கூட்டத்திற்கு அழைப்பதா? அன்றி, முடிவு செய்யும் இடத்தில் அனைவருக்கும் பங்களிப்பதா? இவ்வினாவிற்குச் சென்னைப் பெரம்பூரின் வரலாறு விடை தருகின்றது.

பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளரை ஒன்று திரட்டி 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் இஃது ஒன்று. பி. பி. வாடியா தலைவராகவும், செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோர் செயலாளராகவும் உழைத்தனர். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த திரு.வி. கலியாணசுந்தர முதலியாரும் தலைமையில் பங்கேற்றார். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் இச்சங்கத்தில் ஒன்றுகூடினர்.

1921ஆம் ஆண்டின் நடுவில் வேலைநிறுத்தம் மூண்டபோது அவ்வொற்றுமை சிதைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலகம் எழுந்தது, குடிசைகள் எரிந்தன, காவல்துறையினர் சுட்டனர், உயிர்கள் மாண்டன. சில திங்கள் நீடித்த போராட்டம் தோல்வியில் முடிந்தது. அரசு ஆதிதிராவிடருக்குச் சார்பாயிருந்ததென நீதிக்கட்சித் தலைவர்கள் குறை கூறினர். தம் மக்களுக்காக வாதாடிய எம். சி. இராஜா 1923இல் அக்கட்சியினின்று விலகினார்.

ஆலைக்குத் திரும்பியோரைத் துரோகிகள் எனக் கூறுதல் எளிது. ஆனால் வேலைநிறுத்தம் அனைவர்க்கும் ஒரே அளவான தியாகமன்று. கடன் கொடுப்பாரும், நிலமும், உறவினர் துணையும் உடையவன் சில திங்கள் பொறுத்திருப்பான். இவை ஒன்றும் இல்லாதவன் வீட்டில் மறுவாரமே அடுப்பு அணையும். இவ்வேறுபாட்டை முன்னதாகவே எடுத்துரைக்கத்தக்கவர் முடிவு செய்யும் இடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். மேலே நாம் குறித்த தலைவர் பெயர்களுள் ஆதிதிராவிடர் ஒருவருமில்லை. அத்தலைவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதே நாம் கூறுவது.

எருசலேம் சபையிலும் இத்தகைய முறுமுறுப்பு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் கூறுகின்றது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் புறக்கணிக்கப்பட்டனர். அதன்பின் தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களை நோக்குக: ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அனைத்தும் கிரேக்கப் பெயர்கள். குறை கூறிய தரப்பாரிடமே பங்கீட்டுப் பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது எனக் கருத இஃது இடந்தருகின்றது.

நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கூட்டுபவரும் சமைப்பவரும் ஆயாக்களும் உழைக்கின்றனர். பண்டிகை விருந்துக்கு அவர்களை அழைக்க நாம் மறப்பதில்லை. அவர்தம் ஊதியத்தையும் வேலை நேரத்தையும் வரையறுக்கும் குழுவில் அவர்களுள் எத்தனை பேர் அமர்ந்துள்ளனர்? கலகம் எழுமுன்னரே நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.