வெல்ஃப் மரபின் தோற்றமும் கொடிவழியும்: பெண்வழி உரிமை நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

இடைக்கால ஜெர்மனியின் உயர்குடிகளுள் நெடிய வரலாறு உடையது வெல்ஃப் மரபு. ஒன்பதாம் நூற்றாண்டில் பிராங்கியப் பேரரசின் அவையில் தலையெடுத்த இக்குடி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பவேரியா, சாக்சனி ஆகிய இரு பெருநாடுகளையும் ஒருசேர ஆண்டது. 1714இல் பிரிட்டிஷ் அரியணை ஏறியது. இந்தியப் பேரரசி என்னும் பட்டம் சூடிய விக்டோரியா பிறந்த குடியும் இதுவே. மரபு வரைபடங்கள் இக்குடியைத் தந்தை, மகன் என்ற ஒற்றை வரிசையாகக் காட்டுகின்றன. ஆனால், இம்மரபை நிலைநிறுத்திய நிலமும் உறவும் பெரும்பாலும் பெண்கள் வழியாகவே வந்தன. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சான்றுகள்

முதன்மைச் சான்றுகள் மூன்று. முதலாவது, 1126ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட 'வெல்ஃபுகளின் கொடிவழி' என்னும் சிறிய லத்தீன் பிரதி. இரண்டாவது, 1170ஐ ஒட்டி எழுந்த 'வெல்ஃபுகளின் வரலாறு'. மூன்றாவது, 1180களின் பிற்பகுதியில் வைன்கார்ட்டன் மடாலயத்தில் தீட்டப்பட்ட மரபு மரம். அது இடம்பெற்ற சுவடி இன்று ஃபுல்டாவில் உள்ள நூலகம் ஒன்றில் உள்ளது.

'வரலாறு' என்னும் நூல் இக்குடியின் வேரைத் திராய் நகரிலிருந்து வந்த பிராங்கியரிடம் தேடுகிறது. பேரரசனுக்கு மகன் பணிந்து நிலம் பெற்றதால் சினந்த எட்டிகோ என்னும் முன்னோன், பன்னிரு துணைவருடன் மலைக்காட்டுக்குள் ஒதுங்கினான் என்ற கதையும் அதில் உண்டு. யாருக்கும் கட்டுப்படாத குடி என்று தன்னைக் காட்டிக்கொள்ளும் விருப்பத்துக்கு இக்கதை சான்று. பிறப்பு வரலாற்றுக்குச் சான்று ஆகாது.

2. முதல் வெல்ஃபுகள் (819–1055)

உறுதியான தொடக்கம் 819ஆம் ஆண்டு. அவ்வாண்டில் பேரரசர் பக்திமான் லூயி, வெல்ஃப் என்னும் பிரபுவின் மகள் யூதித்தை மணந்தார். லூயியின் வாழ்வை எழுதிய தேகான், வெல்ஃபைப் பவேரியரின் மிக உயர்ந்த குலத்தவர் என்றும், அவர் மனைவியைச் சாக்சனியர் என்றும் குறிக்கிறார். யூதித்தின் தங்கை எம்மா 827இல் லூயியின் மகனாகிய ஜெர்மானிய லூயியை மணந்தார். இந்த இரு திருமணங்களே இக்குடியைப் பேரரசின் முதல் வரிசைக்கு உயர்த்தின. யூதித்தின் சகோதரன் கொன்ராட்டின் பேரன் ருடால்ஃப் 888இல் மேல் பர்கண்டியின் அரசனானான். அக்கிளை 1032இல் முடிந்தது.

கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு வடக்கே ஆல்ட்டோர்ஃபைத் தலைமையிடமாகக் கொண்ட சுவாபியக் கிளையே நம் ஆய்வுக்குரியது. பழைய வெல்ஃபுகளோடு அதை இணைக்கும் ஒவ்வொரு கண்ணியும் ஆவணத்தால் நிறுவப்படவில்லை. தொடர்ந்து வரும் குடிப்பெயர்களும் நிலவுடைமையுமே அந்த இணைப்புக்கு ஆதாரம். கான்ஸ்டன்ஸ் ஆயர் கொன்ராட் (இறப்பு 975) இக்கிளையினர். அவருக்கு 1123இல் புனிதர் பட்டம் கிடைத்தது. கொடிவழி நூல் அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே எழுதப்பட்டதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

3. ஆண்வழியின் முறிவு (1055)

கரிந்தியாவின் கோமகனான மூன்றாம் வெல்ஃப் 1055இல் பிள்ளையின்றி இறந்தார். தம் உடைமைகளைக் குடும்ப மடாலயத்துக்கு எழுதிவைத்திருந்தார். அவர் தாய் இமிட்சா அதை ஏற்கவில்லை. தம் மகள் குனிகுண்டே இத்தாலியின் எஸ்தே குடியைச் சேர்ந்த இரண்டாம் ஆல்பெர்ட் அட்சோவை மணந்து பெற்ற மகனை வரவழைத்தார். அந்தப் பேரனே நான்காம் வெல்ஃப். தந்தைவழியில் எஸ்தே குடியினர். தாய்வழியில் வெல்ஃப் நிலத்துக்கும் பெயருக்கும் உரியவர். 1070இல் பவேரியாவின் கோமகனாகி, 1101இல் சிலுவைப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் சைப்ரஸில் இறந்தார்.

ஆகவே 1055க்குப் பிந்திய 'இளைய வெல்ஃபுகள்' எல்லாரும் ஆண்வழியில் இத்தாலியர். ஒரு பாட்டியின் முடிவே குடியைக் காத்தது.

4. மணவழி விரிவு (1100–1195)

வெல்ஃபுகள் தென்ஜெர்மனியிலிருந்து வடக்கே நகர்ந்ததற்கும் மணவுறவுகளே காரணம்.

அ) வுல்ஃப்ஹில்டே: சாக்சனியின் பில்லுங் குடியில் ஆண்வாரிசு இன்றி 1106இல் இறந்த மாக்னுஸின் மகள். நான்காம் வெல்ஃபின் மகன் கருப்பர் ஹென்றியை மணந்ததால் லூனபுர்க் பகுதி வெல்ஃபுகளிடம் வந்தது.

ஆ) கெர்ட்ரூட்: பேரரசர் மூன்றாம் லோத்தரின் ஒரே மகள். 1127இல் கருப்பர் ஹென்றியின் மகன் செருக்கர் ஹென்றியை மணந்தார். பிரவுன்ஷ்வைக் உள்ளிட்ட பெருஞ்சொத்து அவர் வழியே வந்தது.

இ) மட்டில்டா: இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகள். 1168இல் செருக்கர் ஹென்றியின் மகன் சிங்க ஹென்றியை மணந்தார்.

பெண் கொடுத்த வழியிலும் விளைவு உண்டு. கருப்பர் ஹென்றியின் மகள் யூதித் ஸ்டவுஃபர் குடியில் மணம்புரிந்து பெற்ற மகனே பேரரசர் பார்பரோசா. யூதித்தின் சகோதரர் ஆறாம் வெல்ஃப் தம் ஒரே மகனை 1167இல் இழந்தபின், தென்ஜெர்மன் உடைமைகள் இந்த மருமகனுக்கே போய்ச் சேர்ந்தன.

5. பதவியும் நிலமும்: 1180இன் சோதனை

1180இல் பார்பரோசா சிங்க ஹென்றியிடமிருந்து பவேரியா, சாக்சனி இரண்டையும் பறித்தார். பவேரியா விட்டெல்ஸ்பாக் குடிக்குச் சென்றது, சாக்சனி கூறுபோடப்பட்டது. ஹென்றி தம் மாமனாரின் நாட்டில் அடைக்கலம் புகுந்தார். அரசன் தந்த பதவியை அரசன் திரும்ப எடுத்துக்கொண்டான். ஆனால் ஹென்றியின் பாட்டியும் தாயும் கொண்டுவந்த லூனபுர்க்கும் பிரவுன்ஷ்வைக்கும் குடும்பச் சொத்தாதலால் கைவிட்டுப் போகவில்லை. 1235இல் மைன்ட்ஸ் அவையில் ஹென்றியின் பேரன் ஓட்டோ அந்நிலத்தைப் பேரரசிடம் ஒப்படைத்து, பிரவுன்ஷ்வைக்–லூனபுர்க் கோமகனாக அதையே திரும்பப் பெற்றார். பின்னாளைய ஹனோவர் குடி இவர் வழியினரே.

6. பிற்கால மீளாய்வு

1685இல் ஹனோவர் அவை, குடும்ப வரலாற்றை எழுதும் பணியை மெய்யியலாளர் லைப்னிட்ஸிடம் ஒப்படைத்தது. இத்தாலிக்குச் சென்று ஆவணங்களை ஆராய்ந்த அவர், எஸ்தே தொடர்பை உறுதிப்படுத்தினார். அப்பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1692இல் ஹனோவர், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது. 1126, 1170, 1685 ஆகிய மூன்று காலங்களிலும் கொடிவழி எழுதுவது தகுதி நாட்டும் வேலையாகவே இருந்தது. எனினும் ஆவணத்தைக் கொண்டு கதையைச் சோதிக்கும் முறையில் லைப்னிட்ஸ் முன்னவரிலிருந்து வேறுபட்டார்.

முடிவுரை

வெல்ஃப் மரபைத் தந்தைவழியில் மட்டும் வரைந்தால் 1055இல் கோடு அறுகிறது. 1180க்குப்பின் நிலம் எப்படி எஞ்சியது என்பதும் விளங்காது. 1714இல் ஹனோவரின் முதலாம் ஜார்ஜ் பிரிட்டிஷ் அரசராக லண்டன் சென்றதும் தாய் சோஃபியா வழி வந்த உரிமையால்தான். இமிட்சா, வுல்ஃப்ஹில்டே, கெர்ட்ரூட் ஆகிய மூவரையும் மையத்தில் வைத்தால் தடைகள் நீங்குகின்றன. இடைக்காலக் குடிகளை ஆராய்வோர், ஆண்வழிப் பட்டியலுக்கு முன்னதாக மணவுறவுகளையும் சொத்துரிமையையும் வரிசைப்படுத்திக்கொள்வதே முறையாகும்.