பௌலியின் கனவுகளும் எமது மௌனமும்

நவீன பௌதிகவியல் பிரக்ஞையே உலகின் ஆதாரமென்று நிரூபித்துவிட்டது, ஆகவே மனக்காயங்களை ஆற்றவும் அதுவே வழிகாட்டும் என்றொரு வாதம் எம்மவர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. வொல்ஃப்காங் பௌலியின் வரலாற்றை வைத்து இவ்வாதத்தைப் பரிசீலிக்க விரும்புகிறேன்.

வியன்னாவில் பிறந்த பௌலி 1928 முதல் சூரிச்சில் பேராசிரியர். 1927இல் தாய் தற்கொலை செய்துகொண்டார். 1930 நவம்பரில், ஓராண்டுகூட நீடிக்காத திருமணம் முறிந்தது. மறுமாதமே, பின்னர் நியூத்திரினோ எனப் பெயர்பெற்ற துணிக்கையை அவர் முன்மொழிந்தார். ஆனால் மதுவும் மனமுறிவும் அவரை விடவில்லை. 1932இல் யுங்கை நாடினார். தன் செல்வாக்குப் படியாத கனவுகள் வேண்டுமென்பதால், யுங் அவரை ஏர்னா ரோசன்பாம் என்ற, அனுபவம் குறைந்த பெண் மருத்துவரிடம் அனுப்பினார். ஐந்து மாதங்கள் பௌலி சொன்னார், அவர் கேட்டார். அக்கனவுகளை யுங் 1944இல் வெளிவந்த தனது 'உளவியலும் இரசவாதமும்' நூலில், பௌலியின் பெயரைச் சொல்லாமல் ஆராய்ந்தார்.

பௌதிகவியல் இங்கே எதைத் தந்தது? ஓர் ஒப்புமையை. அவதானிப்பு அணுநிகழ்வைப் பாதிப்பதுபோல, நனவிலியை நோக்கும் நனவும் அதை மாற்றுகிறது என்று பௌலி கருதினார். நீல்ஸ் போர் 1927இல் முன்வைத்த 'நிரப்புத் தத்துவம்' இதற்குத் துணைநின்றது. 1952இல் யுங்கும் பௌலியும் ஒரே நூலில் தத்தம் கட்டுரைகளை வெளியிட்டனர். யுங்கினுடையது காரணகாரியமற்ற ஒருங்கிசைவு பற்றியது, பௌலியினுடையது கெப்ளர் பற்றியது. ஒப்புமை சிந்தனையைத் தூண்டலாம். அது நிரூபணமாகாது. பௌலி தேறத் தொடங்கியது எந்தச் சமன்பாட்டாலுமல்ல, ஒருவர் பொறுமையாகக் கேட்டதால் என்பதே என் முடிவு.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கியதும் பௌலி ஜேர்மன் பிரஜையானார். சுவிஸ் பிரஜாவுரிமைக்கான அவரது விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 1940இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரனுக்குப் போனார். 1945இல் நோபல் பரிசு கிடைத்தபோதும் அவர் சுவிஸ் பிரஜையல்ல. 1946இல் திரும்பிவந்தவருக்கு 1949இல்தான் அவ்வுரிமை கிடைத்தது.

நானும் இந்நாட்டில் 'எஃப்' அனுமதி அட்டையோடு பல ஆண்டுகள் காத்திருந்தவன். அக்காலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இரவில் அலறி எழும்புவார். அவருக்கு நாங்கள் தத்துவம் சொன்னோம், அரசியல் சொன்னோம். என்ன கனவு கண்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரக்ஞை பற்றிய விவாதம் தொடரட்டும். ஆனால் குவாண்டத்தின் பெயரால் குணமாக்கல் பேசுமுன், எம்மிடையே கேட்பதற்கு எத்தனைபேர் இருக்கிறோம்? நண்பர்கள் மறுத்தெழுதினால் மகிழ்வேன்.