பெயர்ப்பலகை என்னும் சான்று

கொல்கத்தா மெட்ரோ நிலையங்களைப் படத்தில் காட்டிப் பெயர் கேட்கும் புதிர்களில் ரவீந்திர சதன் எளிது. தாகூரின் கையெழுத்தும் கோட்டோவியங்களும் அதன் சுவர்களிலேயே உள்ளன. ஆய்வாளரைச் சோதிப்பவை பழைய பெயர்ப்பலகைகள். 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. அந்தப் பவானிபூர் இன்று நேதாஜி பவன். 1986இல் தடம் எட்டிய டோலிகஞ்ச், 18ஆம் நூற்றாண்டில் அங்குக் கால்வாய் வெட்டிய மேஜர் வில்லியம் டோலியின் பெயரைச் சுமந்த ஊர். 2009இல் தடம் தெற்கே நீண்டபோது நிலையம் மகாநாயக் உத்தம் குமார் ஆயிற்று. வங்கத் திரைப்பட நிலையங்கள் செழித்த பகுதியாதலால் அப்பெயர் பொருந்தாததன்று. ஆயினும் ஒரு கால்வாயின் நினைவு பலகையிலிருந்து இறங்கிவிட்டது. தேதி குறிக்கப்படாத படத்தில் 'டோலிகஞ்ச்' நிலையப் பலகை தென்பட்டால், அதன் காலம் அந்த 23 ஆண்டுகளுக்குள் அடங்கும்.