புதைத்த இடம் எங்கே?

நவம்பர் மாதம் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அன்று மாலை மணப்பாட்டைப் போன்ற முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் ஜனங்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருப்பார்கள். தாய் தகப்பன் உறங்கும் இடத்தைத் துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆனால், தொழிலுக்குப் போய்க் கடலோடு போனவனுக்குக் கல்லறை ஏது? அவனுக்காக, தோட்டத்தின் நடுவிலுள்ள பொதுச் சிலுவையின் அடியில் ஒரு திரி எரியும். மணப்பாட்டிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் திருச்செந்தூர். அமாவாசையன்று அங்கே கடலில் மூழ்கி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் ஏராளம். இறந்த திதி தெரியாதவர்களுக்கும் மகாளய அமாவாசை என்று ஒரு நாளைப் பெரியவர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இடம் தெரியாதவனையும் நாள் தெரியாதவனையும் மறக்கக் கூடாது என்பதில் இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே மனசுதான்.

கடல் கொண்டவனைப் பற்றிக் கடலிடம் கேட்க முடியாது. சரி, மண்ணில் புதைக்கப்பட்டும் இடம் தெரியாமல் போனவர்களைப் பற்றி யாரிடம் கேட்பது? தமிழர்களில் அப்படிப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர் சயாம் காட்டில் கிடக்கிறார்கள். இன்று தாய்லாந்து என்று சொல்லுகிறோமே, அந்த நாட்டில்.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். ரங்கூனுக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது அவர்களுக்கு ஆபத்தாயிற்று. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்கு மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1943 அக்டோபரில் வேலை முடிந்துவிட்டது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு யுத்தக் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் உழைத்தார்கள்; 12,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். உலகம் அறிந்த கதை அது, சினிமாவாகவும் வந்தது.

அவ்வளவாக உலகம் அறியாத கதை, கூலிகளாகப் போன ஆசியர்களுடையது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்கிறார்கள். இறந்தவர்கள் 90,000 என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அதுவும் ஒரு மதிப்புத்தான். எண்ணியவர் யாரும் இல்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் இவர்களில் பெரும் பகுதி. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்ற பேச்சை நம்பிச் சிலர் போனார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 மழைக் காலத்தில் காலரா வந்தது. பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? குழிகள் வெட்டினார்கள், குவியல்களை எரித்தார்கள்.

அந்தப் பாதையில் காஞ்சனபுரி என்று ஒரு பட்டணம். பெயரைக் கேட்டால் நம்முடைய ஊர் போலவே இருக்கிறது. அங்கே யுத்தக் கைதிகளின் மயானம் இருக்கிறது. வெட்டிச் சீராக்கிய புல்தரை. ஏறக்குறைய 7,000 பேர் வரிசை வரிசையாக உறங்குகிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயரும் வயதும் பொறித்த பலகை உண்டு. அதன் பக்கத்திலேயே ஒரு சீனர் மயானம். மூன்றாவதாகத் தமிழனுக்கு ஒரு மயானம் அங்கே இல்லை. 1990இல் அந்தப் பட்டணத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் எது யாருடையது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

வெள்ளைக்காரக் கைதிகளுக்கு மட்டும் கல்லறை எப்படிக் கிடைத்தது? அவர்களும் அதே காட்டில், அதே காலராவில் செத்தவர்கள்தாம். ஆனால் முகாமுக்கு முகாம் எவனாவது ஒருவன் செத்தவன் பெயரை எழுதி வைத்தான். அகப்பட்டால் அடியும் உதையும் என்று தெரிந்தும் எழுதினான். மூங்கிலுக்குள் ஒளித்தார்கள், சில பட்டியல்களைக் கல்லறைக்குள்ளேயே புதைத்தார்கள். யுத்தம் முடிந்த 1945இல் ஒரு சிறு குழு அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு பாதை நெடுகப் போய், 144 இடங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. தவறிப்போனவை ஐம்பது சொச்சமே.

சீனர்களின் சங்கதி வேறு. அவர்கள் கல்லில் இறந்தவன் பெயரோடு அவன் பிறந்த சீன ஊரின் பெயரையும், பிள்ளைகளின் பெயர்களையும் பொறிப்பார்கள். வருஷந்தோறும் ஏப்ரலில் சிங்மிங் நாளன்று குடும்பத்தோடு போய்ப் புல் செதுக்கிப் படையல் வைப்பார்கள். சிங்கப்பூரில் புக்கிட் பிரவுன் என்ற மயானம் 1922 முதல் 1973 வரை அவர்களுக்குப் பயன்பட்டது. சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். மூடிய பிறகு மரமும் கொடியும் மூடிப் பெரும் காடாகிவிட்டது. பாட்டனார் எங்கே என்று பேரன்களுக்கே தெரியவில்லை. 2011இல் அதன் ஊடே நெடுஞ்சாலை வரப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. ஏறக்குறைய 4,000 கல்லறைகள் அதற்காகப் போயின. அப்போது தொண்டர்கள் சிலர் காட்டுக்குள் இறங்கிப் பாசியைத் துடைத்துக் கல்லை வாசித்தார்கள். பழைய அடக்கப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். முப்பது நாற்பது வருஷமாகத் தொலைந்திருந்த பாட்டன்மார்கள் பலர் குடும்பத்துக்குக் கிடைத்தார்கள்.

நம்மவன் கதி என்ன? ரப்பர் தோட்டத்தில் இருந்தவரையில் அவனுக்குப் பெயர் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். செக்ரோலில் புள்ளி விழும். கூலியைக் கொடுக்கவும் பிடிக்கவும் அந்தப் பெயர் தேவைப்பட்டது. சயாமில் தலையை எண்ணினால் போதும் என்றாகிவிட்டது. பக்கத்தில் கிடந்தவனுக்கு எழுதத் தெரியாது. தெரிந்தாலும் காகிதம் இல்லை. மறுநாள் அவனும் இல்லை. அழுவதற்கு ஆள் இல்லாமல் அவன் தொலைந்துபோகவில்லை. மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ வீடுகளில் அழுதார்கள். எழுதி வைக்க ஆள் இல்லாமல் தொலைந்துபோனான்.

இதில் ஒரு விசித்திரம் கேளுங்கள். 1944இல் ஜப்பானியரே காஞ்சனபுரியில் பாலத்துக்கு அருகே ஒரு ஞாபகச் சின்னம் கட்டினார்கள். பல பாஷைகளில் எழுத்துப் பொறித்தார்கள். அதில் தமிழும் ஒன்று. கொன்றவனே வைத்த கல்லில்தான் நம் எழுத்து முதலில் ஏறியது. நாம் வைத்த கல் வருவதற்கு 2023 மே மாதம் வரை ஆயிற்று. தாய்லாந்துத் தமிழர்கள் முயன்று, அந்த ஊர்ப் புத்த ஆலயம் ஒன்றில், தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடுகல் நாட்டினார்கள். மெத்த நல்ல காரியம்.

நடுகல் நமக்குப் புதிதல்ல. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் பழைய தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்டவை. அதில் ஒன்றில், கூடல் என்ற ஊரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் இறந்த ஒருவன் பெயர் இருக்கிறது: அந்தவன். ஊர் தெரிகிறது, காரணம் தெரிகிறது, ஆள் பெயர் தெரிகிறது. 1943இல் செத்தவன் பெயர் தெரியவில்லை!

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். கதை எழுதுகிறவனாகிய எனக்கு அந்தக் காரியத்தின் அருமை தெரியும். அதன் எல்லையும் தெரியும். நாவலாசிரியன் வைக்கிற பெயர் கற்பனைப் பெயர். அதைச் சொல்லி யாரும் எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியாது.

உண்மைப் பெயர்கள் இன்னும் முழுவதும் அழிந்துபோகவில்லை. 1942இல் தகப்பனை லாரியில் ஏற்றியதைப் பார்த்த எட்டு வயதுக் குழந்தைகள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். ஒரு சிலராவது இருப்பார்கள். அவர்கள் போய்விட்டாலும், கேட்டு வைத்திருக்கிற பேரப் பிள்ளைகள் உண்டு. இங்கேயும், "எங்கள் பெரியப்பா ஒருவர் மலாயா போனார், சயாமுக்குப் பிடித்துப்போய்விட்டார்களாம்" என்று சொல்லுகிற குடும்பங்கள் இருக்கின்றன. இனி எலும்பைத் தேடிப் பயனில்லை. இறந்தவன் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர், சயாம் போன வருஷம்: ஐந்தே வரி. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம் போதும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், கேட்க வேண்டியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.