தொப்பியில ஆரம்பிச்ச கலகம்: வேலூர், 1806

எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டு. திருவண்ணாமலை வழியா வேலூருக்கு பஸ்ல போய், கோட்டை அகழி ஓரமா பல தடவை உட்கார்ந்திருக்கேன். உள்ள என்ன நடந்துச்சுன்னு ரொம்ப வருஷமா எனக்குத் தெரியாது.

1806 ஜூலை 10. விடியறதுக்கு முன்னாடி, கோட்டைக்குள்ள இருந்த இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரப் படைமேல துப்பாக்கியைத் திருப்பினாங்க. மீரட்டுக்கு 51 வருஷம் முன்னாடி.

காரணம் கேட்டா ‘தலைப்பாகை’ன்னு முடிச்சிடுவாங்க. பாதி உண்மை. டிப்பு 1799ல விழுந்ததும் அவர் மகன்களை இந்தக் கோட்டையிலதான் வெச்சிருந்தாங்க. கலகத்துல ஏறினதும் டிப்புவோட கொடிதான்.

மறு பாதி அந்த உத்தரவு. மெட்ராஸ் படைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்துல வந்தது. அணிவகுப்புக்கு வரும்போது நெத்தியில திருநீறோ நாமமோ கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்கணும், மீசையை ஒரே அளவா வெட்டணும். கூடவே புதுத் தலைப்பாகை, அதுல தோல் குஞ்சம். பார்த்தா ஐரோப்பியத் தொப்பியேதான். மாட்டுத்தோலா, பன்றித்தோலா? நம்மள மதம் மாத்தப் போறாங்களா? இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சேர்த்தே சந்தேகம்.

எனக்கு ஜூலையைவிட மே மாசம்தான் முக்கியமாப் படுது. அப்பவே வேலூர்ல சிப்பாய்கள் ‘போட மாட்டோம்’னு மறுத்தாங்க. ஆயுதம் எடுக்கல, மறுத்தாங்க, அவ்வளவுதான். ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பி விசாரிச்சு, ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ரெண்டு பேருக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டு அனுப்பினாங்க. ஜூன்ல முஸ்தபா பேக்ங்கிற சிப்பாய் ‘சதி நடக்குது’ன்னு மேலதிகாரிகிட்ட எச்சரிச்சார். அவரைப் பைத்தியம்னு சொல்லி அடைச்சாங்க.

அமெரிக்கக் காலனிகள்லயும் முதல்ல மறுப்புதான். 1765 முத்திரை வரிக்கு எதிரா மனு போட்டாங்க, பிரிட்டிஷ் சரக்கை வாங்க மறுத்தாங்க. லண்டன் அடுத்த வருஷமே அந்த வரியை வாபஸ் வாங்குச்சு. ஆனா அவங்களுக்குன்னு சட்டசபை இருந்துச்சு, பத்திரிகை இருந்துச்சு. வேலூர் சிப்பாய்க்கு இருந்தது மேலதிகாரி ஒருத்தர்தான்.

கலகம் ஒரு நாள்கூட நிக்கல. ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து காலையிலயே கோட்டையைப் பிடிச்சார். வெள்ளையர் நூறு பேருக்கு மேல செத்திருந்தாங்க. சிப்பாய்கள் செத்தது பல நூறு. பிடிபட்டவங்கள்ல நிறைய பேரை விசாரணையே இல்லாம, சுவரோரம் நிக்க வெச்சு சுட்டாங்க.

அப்புறம்தான் அந்த உத்தரவை வாபஸ் வாங்கினாங்க. கிரடாக்கையும் மெட்ராஸ் கவர்னர் வில்லியம் பென்டிங்கையும் 1807ல லண்டன் திரும்பக் கூப்பிட்டுச்சு. பென்டிங்க் 1828ல மறுபடி வந்தார், இந்த முறை கவர்னர் ஜெனரலா.