ஹோம் தியேட்டர் அம்ப்ளிஃபயரின் வலு

கண்டி நகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை போன்ற சுற்றுப் பகுதிகளிலும் உள்ள சாதாரண விறாந்தைக்கோ வரவேற்பறைக்கோ, ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 முதல் 80 வாற்று உண்மையான வலு தாராளம். விளம்பரத்து 1000 வாற்று தேவையே இல்லை. 88 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் 1 வாற்றில், 1 மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் தரும். 3 மீற்றர் தள்ளி அமர்ந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் சேர்த்து ஏறத்தாழ 81 டெசிபெல் காதுக்கு எட்டும். வசனத்தை 75 டெசிபெலில் கேட்பவருக்கு வெடியோசை 95 வரை எழும். 81க்கும் 95க்கும் இடைப்பட்ட 14 டெசிபெலுக்கு 25 வாற்றே போதும். வலுவை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். 100 வாற்றுக்கும் 200 வாற்றுக்கும் விலையில் இருக்கும் தூரம் செவியில் இல்லை.

திரையரங்கின் உச்சஅளவு 105 டெசிபெல் அல்லவா, அதற்கு 250 வாற்று வேண்டுமே என்பர். கணக்குச் சரிதான். ஆனால் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் நிற்கும் ஊரில் அந்த அளவில் படம் பார்ப்பவர் அரிது. தவிர, அதிக வலுவைக் கேட்கும் அடித்தொனியை, தனக்கெனத் தனி அம்ப்ளிஃபயர் கொண்ட சப்வூஃபர் சுமந்துகொள்கிறது. வலுக் குறைந்த அம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு: எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலியலை வெட்டுப்பட்டு, உயர்தொனி ஸ்பீக்கர் எரியலாம். 25 வாற்றோடு நிறுத்தாமல் மிச்சம் வைப்பது இதற்காகவே. பெட்டியில் பி.எம்.பி.ஓ. எனப் போட்டிருக்கும் விளம்பர எண்ணை விட்டுவிட்டு, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை, இரு சேனல்களும் இயங்கும்போது கிடைக்கும் உண்மையான வலுவை, அதாவது ஆர்.எம்.எஸ். வாற்றைப் பார்த்து வாங்குங்கள்.